நாலு நாற்பது ரயிலும் என் பன்னிரண்டு கேள்விகளும்

ஆளுக்கு ஒரு புது நோட்டு, நீலப் பேனா, பைபிள் வசனங்களுக்குக் கோடு போட மஞ்சள் பேனா. சபையின் ஆலோசனை ஊழியத்துக்குப் பயிற்சி பெற வந்திருக்கும் உங்கள் ஆறு பேர் மடியிலும் இதெல்லாம் இருக்கிறது. சந்தோஷம். நானும் முதல் நாள் இப்படித்தான் வந்தேன். கூடுதலாக ஒரு ஸ்டேப்ளரும் கொண்டு வந்தேன். இந்த ஊழியத்திலிருந்து நான் போன மாதம் ஓய்வு பெற்றுவிட்டதால், புதியவர்களிடம் நாலு நல்ல வார்த்தை பேசும்படி பாஸ்டர் கேட்டுக்கொண்டார். நல்ல வார்த்தை பேச அவரே இருக்கிறார். நான் அடித்த ஒரு கூத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

பிழைப்புக்கு நான் துறைமுகத்தில் இருந்தேன். கப்பலிலிருந்து இறங்கும் கன்டெய்னர்களின் எண்ணைத் தாளோடு ஒப்பிட்டு டிக் போடும் வேலை. முப்பது வருடம் அதைச் செய்தால் மனிதனுக்கு ஒரு வியாதி வரும். தாளில் இருப்பதும் பெட்டியில் இருப்பதும் ஒத்துப்போகவில்லையென்றால் பெட்டிதான் தப்பு என்று தோன்றும். அந்த வியாதியோடுதான் நான் ஆலோசனை ஊழியத்துக்கு வந்து சேர்ந்தேன்.

அப்போது எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஓர் அக்கா. அரசு மருத்துவமனையில் தலைமை நர்ஸாக இருந்தவர். பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் இன்றைக்கும் போன் போட்டுத் திட்டுவார். திருவொற்றியூரில் இதே சபைக்குப் பின்னால் இருக்கும் ஞாயிறு பள்ளி அறையில், மதியம் பிரியாணி சாப்பிட்டுக் கண் சொருகும் நேரத்தில் வகுப்பு. யாராவது தூங்கினால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு வசனம் ஒப்பிக்கச் சொல்வார். அவர் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம் ஒன்று உண்டு. "வர்றவங்க முதல்ல சொல்றது மேலோட்டமான பிரச்சினை. அதுக்கு அடியில ஒண்ணு இருக்கும். தோண்டுங்க." நல்ல பாடம்தான். ஆனால் எனக்குக் கையில் மண்வெட்டியைக் கொடுத்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

தோண்டுவதற்கு வசதியாக நானே பன்னிரண்டு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தயார் செய்தேன். ஒவ்வொன்றுக்கும் எதிரில் கட்டம். கீழே 'மறைவான பாவம்', 'செய்ய வேண்டியது', 'காலக்கெடு' என்று மூன்று வரிகள். அந்தக் கீழ்ப்பகுதியைக் கிழித்து, வந்தவர் கையில் வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிடலாம். ஆலோசனை முடிந்து போகிறவர் செய்து பார்க்க ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டும் என்று உங்களுக்கும் சொல்லித் தருவார்கள். நான் அதைத் துளை போட்டு, கிழிக்க வசதியாகக் கொடுத்தேன். ஐம்பது நகல் எடுத்து வைத்திருந்தேன்.

பயிற்சியின் கடைசி ஞாயிறு பரீட்சை. எண்ணூர்ப் பக்கத்துச் சபை ஒன்றிலிருந்து, எங்களுக்கு முகம் தெரியாத ஒருவர் வந்து பிரச்சினை உள்ளவர் மாதிரி நடிப்பார். அவருக்கு நாங்கள் வகுப்புக்கு முன்னால் ஆலோசனை சொல்ல வேண்டும். அவருக்கான குறிப்பை அக்கா ஒரு அட்டையில் எழுதி போனில் படித்துக் காட்டியிருந்தார். விசைப்படகில் வேலை செய்கிறவர். மனைவியோடு தகராறு. ஒளித்து வைத்திருக்கும் ரகசியம், குடி. எங்களுக்கு அட்டை தெரியக்கூடாது. ஆனால் அக்கா அதை மேசையில் வைத்துவிட்டு டீ வாங்கப் போனார், நான் பார்த்துவிட்டேன். பார்த்தது தப்புதான். ஒப்புக்கொள்கிறேன்.

முதல் ஆள் நான். மூன்று மணிக்குக் கதவு திறந்தது. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, புது லுங்கி, கழுவிய தலை. "இங்க எதுனா கேட்டா சொல்லுவாங்கன்னு போர்டுல போட்டுகீதே" என்றார்.

போர்டு எங்களுடையதுதான். 'இலவச ஆலோசனை, ஞாயிறு மாலை 3 மணி' என்று எழுதி, இரண்டு மாதம் கழித்து மாட்ட வேண்டியது. ஆர்ட்டிஸ்ட் சீக்கிரமே முடித்துக் கொண்டுவந்தார், வைக்க இடமில்லை, கேட்டில் மாட்டிவிட்டோம். வந்தவர் நடிகர் இல்லை. காசிமேட்டில் லாஞ்சு, அதாவது விசைப்படகு, ஓட்டும் டிரைவர். ஏழுமலை என்று வைத்துக்கொள்வோம், நிஜப் பெயர் உங்களுக்குத் தேவையில்லை. நமது சபைக்காரரும் இல்லை. அவர் மனைவி மட்டும் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து போவார். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், எண்ணூர் ஆள் சரியான நேரத்துக்கு வந்துவிட்டார் என்பதுதான்.

"உட்காருங்க பிரதர். உங்க பிரச்சினை என்ன?"

"என் சம்சாரம் இன்னிக்கு நாலு நாப்பது வண்டிக்கு மீஞ்சூர் போவுது சார். அவுங்க அண்ணன் வூட்டுக்கு. போனா திரும்பி வராது. துணியெல்லாம் மூட்ட கட்டி வெச்சிகீது. என்கிட்ட பேசி எட்டு மாசம் ஆவுது."

"ஏன் பேசல?"

"அதோட அம்மா தவறிப் பூட்டாங்க சார். நான் கடல்ல கீறேன். ஒயர்லெஸ்ஸுல சொல்லிப் பாத்துகீறாங்க, எட்டல. ஒம்பதாம் நாள் கரைக்கு வந்து, கையில மீன் பையோட வூட்டுக்குள்ள போறேன். அல்லாரும் சும்மா ஒக்காந்துகினு கீறாங்க. படத்துக்கு மாலை போட்டுகீது. எனக்கு வாயே வரல சார். கடைசில வந்ததும் 'மீனை எங்க வெக்கறது'ன்னு வந்துச்சு. அதோட சரி. அப்பால கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன், நாள் போவப் போவ எப்படிக் கேக்கறதுன்னே தெரில. எட்டு மாசம் ஆனவங்களுக்கு இப்ப எப்படி சார் துக்கம் கேக்கறது?"

சொல்லும்போதே அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டார். எனக்குப் பின்னால் ஐந்து பேர் நோட்டில் எழுதும் சத்தம் கேட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? என் படிவத்தில் நாலாவது கேள்வி, 'குடும்பத்தில் சமீபத்தில் மரணம் உண்டா?' அதற்கு எதிரில் ஒரு டிக் போட்டேன். போட்டுவிட்டு ஐந்தாவது கேள்விக்குப் போனேன். முதலில் சொல்வது மேலோட்டமானது அல்லவா? அட்டையில் குடி என்று இருக்கிறது. நான் தோண்ட வேண்டும்.

"பழக்க வழக்கம் ஏதாவது உண்டா பிரதர்?"

"இன்னா பழக்கம்?"

"சாயங்காலத்துல... நண்பர்களோட..."

"கேரம் போர்டு ஆடுவேன் சார்."

"குடி?"

"அய்யே. அதெல்லாம் கெடையாது."

பின்னாலிருந்து ஒருவர், "நல்லா மறைக்கிறார்" என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு வீரம் வந்தது. நான் குரலைத் தாழ்த்திக் கனிவாகக் கேட்டேன். சுற்றி வளைத்துக் கேட்டேன். பாவத்தை மறைக்கிறவன் படும் பாட்டைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபத்தைந்து. "பதில் சொல்லாம கடிகாரத்தைப் பார்க்கிறீங்களே பிரதர், உண்மை சுடுதா?" என்றேன். இதைச் சொன்னது நான்தான். இப்போது நினைத்தாலும் காது சிவக்கிறது.

கடைசியில் அவர் இரண்டு கையையும் விரித்துவிட்டார். "சரி சார். குடிக்கிறேன்னே வெச்சிக்கோ. வண்டிக்கு டைம் ஆவுது. இப்ப இன்னா பண்ணணும்?"

வகுப்பு கைதட்டியது. நிஜமாகவே தட்டினார்கள். ஏழுமலை திரும்பிப் பார்த்தார். சர்ச்சில் குடிகாரன் ஆனால் கைதட்டுவார்கள் போல என்று நினைத்திருப்பார். நான் படிவத்தின் கீழ்ப்பகுதியை நிரப்பினேன். மறைவான பாவம்: குடி. செய்ய வேண்டியது: மனைவியிடம் பாவத்தை அறிக்கையிடுதல். காலக்கெடு: இன்று. கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுத்தேன்.

"இத சொன்னா அது பேசுமா சார்?"

"நிச்சயமா பேசுவாங்க."

பிறகு வகுப்பு கருத்துச் சொல்ல ஆரம்பித்தது. பள்ளி ஆசிரியை ஒருவர், "எல்லாமே ரொம்ப நல்லா பண்ணீங்க பிரதர். அழுகை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் வந்துடுச்சு" என்றார். "தானா வந்துச்சு மேடம். அடுத்த தபா பாத்துக்கறேன்" என்றார் ஏழுமலை. இன்னொருவர், "படகுக்காரருக்குச் சட்டை இவ்வளவு சுத்தமா இருக்கக்கூடாது" என்றார். அது பொங்கலுக்கு எடுத்த சட்டை. கோயில் மாதிரி இடத்துக்கு வருகிறோமே என்று போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அக்கா மட்டும் ஏழுமலையின் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது என்ன தழும்பு?" என்று கேட்டார். "கயிறு அறுத்ததும்மா" என்று சொல்லிவிட்டு, ஏழுமலை சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் போய்ப் பத்து நிமிடம் எனக்கு ஒரே பாராட்டு. அக்கா திடீரென்று, "அந்தத் தழும்பு வரைஞ்சது இல்ல. நான் எத்தனை கையைப் பார்த்திருக்கேன்" என்றார். அப்போதுதான் கதவு மறுபடி திறந்தது.

கிழிந்த பனியன், அழுக்கு லுங்கி, கலைந்த தலை. உள்ளே வரும்போதே ஒரு நெடி. "மன்னிக்கணும். எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரி ஒரு கிலோமீட்டருக்கு நிக்குது. ஷேர் ஆட்டோ நகரவே இல்ல" என்றார் வந்தவர். அவர் எண்ணூர்ச் சபையின் மூப்பர். புனித வெள்ளி நாடகத்தில் வருடா வருடம் ஆணி அடிக்கும் சிப்பாய் வேஷம் அவருக்குத்தான். வேஷம் தத்ரூபமாக இருக்க வேண்டும் என்று சாராய நெடி வீசும் ஹோமியோபதி மருந்து ஒரு பாட்டிலைப் பனியனில் ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறார். ஆட்டோவில் இரண்டு பெண்கள் அவரை இறங்கச் சொல்லிச் சண்டை போட்டார்களாம். அதை அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். நாலு அடிக்கப் பத்து நிமிடம்.

"அக்கா, நான் வேணும்னா நாளைக்கு அவர் வீட்டைக் கண்டுபிடிச்சு விளக்கம்..."

"விளக்கமெல்லாம் யாருக்கு வேணும்? ஓடு."

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கதையின் முடிவில் சொன்னால் நீங்கள் பையை எடுத்துக்கொண்டிருப்பீர்கள். அந்த மனிதர் தன் பிரச்சினையை முதல் இரண்டு நிமிடத்திலேயே சொல்லிவிட்டார். அதற்கு அடியில் ஒன்றுமே இல்லை. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி, அதற்கு நான் போட்டது ஒரு டிக். நடிகர் என்று நினைத்ததால் வந்த தப்பு என்று நீங்கள் எனக்காகப் பரிந்து பேசலாம். அடுத்த வாரம், மற்ற ஐந்து பேரின் பரீட்சைக்குக் கூடியபோது, நானும் அக்காவிடம் அதைத்தான் சொன்னேன். "நிஜ ஆள்னு தெரிஞ்சிருந்தா மட்டும் கேட்டிருப்பியா?" என்றார். "நானும்தான் பின்னால உட்கார்ந்து மார்க் போட்டேன். எனக்கும் வெட்கமா இருக்கு" என்றும் சொன்னார். பயிற்சி கொடுக்கிறவர் வகுப்புக்கு முன்னால் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். மீதியிருந்த நாற்பத்தொன்பது படிவங்களையும் என்னையே கிழிக்க வைத்தார். துளை போட்டிருந்ததால் சீக்கிரம் கிழிந்தது.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். நான் ஓட, எண்ணூர் மூப்பரும் கூடவே ஓடி வந்தார். எதற்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. தன்னுடைய பாத்திரத்தை வேறொருவர் வாழ்ந்துவிட்டுப் போய்விட்டார் என்ற ஆதங்கமோ என்னவோ. மார்க்கெட்டைத் தாண்டும்வரை எந்த ஆட்டோவும் நிற்கவில்லை. நிற்கப்போன ஒன்றும் அவர் நெடி பட்டதும் போய்விட்டது. ஐம்பது வயதில் நான் அப்படி ஓடியதே இல்லை. திருவொற்றியூர் ஸ்டேஷன் படியில் கால் வைக்கும்போது நாலு இருபத்தைந்து.

மேம்பாலத்திலிருந்தே அவர்கள் தெரிந்தார்கள். சிமென்ட் பெஞ்சின் ஒரு முனையில் ஏழுமலையின் மனைவி, பக்கத்தில் பெரிய கட்டைப்பை. அந்தம்மாவைத் தேசம்மா என்போம். மறுமுனையில் ஏழுமலை. சீட்டு ஏற்கெனவே அந்தம்மா கையில் இருந்தது. வாயால் சொல்ல வரவில்லை, எடுத்து நீட்டியிருக்கிறார்.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய் நின்றேன். அந்தம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "வெள்ளிக்கிழம சர்ச்சுல பாத்துகீறேன் உன்னிய. இத எவன் எழுதனது?"

"நான்தான்மா."

"இருவத்திரெண்டு வருசமா இந்தாளோட குடித்தனம் பண்றேன். இருமல் மருந்து குட்ச்சாலே வாந்தி எடுக்கற ஆளு. எங்க அண்ணன் கல்யாணத்துல ஊரே ஊத்திகினு கீறச்சொல்லோ, பன்னீர் சோடா வாங்கிக் குட்ச்சிட்டு ஓரமா ஒக்காந்திருந்த ஆளு. இவரப் போயி குடிகாரன்னு எழுதி, கையெழுத்து வேற போட்டுக் குடுத்துகீறியே, நீ இன்னா படிச்சிகீறே?"

பிளாட்பாரத்தில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து மூப்பர் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். அந்தம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஓஹோ. குட்ச்சவன கூட இஸ்துகினு வந்து, குடிக்காதவன் மேல பழி போடறியா?"

"அம்மா, நான் சபை மூப்பர். இது மருந்து. நடிப்புக்காக ஊத்திக்கிட்டது" என்றார் அவர்.

"மூஞ்சியப் பாரு, மூப்பராம்."

மூப்பர் தண்ணீர்க் குழாயைத் தேடிப் போனார். நான் அங்கேயே நின்றேன். நியாயமாக ஓடிப்போக வேண்டியவன் நான்தான். "தப்பு என்னுதும்மா" என்றேன். "உங்க வீட்டுக்காரர் உள்ள வந்ததுமே ஒரு விஷயம் சொன்னார். நான் காதுல வாங்கல. என் இஷ்டத்துக்கு வேற எதையோ எழுதிட்டேன்."

"இன்னா சொன்னாரு?"

அதுதான் பரீட்சை. மூன்று மணிக்கு நடந்தது இல்லை. அவர் சொன்னது முழுக்க என் நாக்கு நுனியில் இருந்தது. மீன் பை, மாலை போட்ட படம், எட்டு மாதம், எல்லாம். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம், என் மானமும் கொஞ்சம் மிஞ்சும். வண்டி முந்தின ஸ்டேஷனை விட்டுவிட்டதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நான் சொல்லாவிட்டால் அந்தம்மா ஏறிப் போய்விடுவார், திரும்பி வரமாட்டார். சொன்னால், அந்தம்மாவின் துக்கத்தை நான் கேட்டவனாகிவிடுவேன். கேட்க வேண்டியவர் பெஞ்சின் அந்த முனையில் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை அவர்தான்மா சொல்லணும்" என்றேன்.

"ஆங். சொல்லுவாரு" என்றார் தேசம்மா. எழுந்து சேலையை உதறினார்.

வண்டி வந்தது. அந்தம்மா பையின் ஒரு காதைப் பிடித்துத் தூக்கினார். ஏழுமலை எழுந்து போய் மறு காதைப் பிடித்தார். அந்தம்மா விடச் சொல்லிப் பார்த்தார், இவர் விடவில்லை. நடுவில் பை தொங்க இரண்டு பேரும் நின்றார்கள், ஜனம் அவர்களைச் சுற்றிக்கொண்டு ஏறியது.

"ஒங்கம்மா," என்றார் ஏழுமலை. பையை இன்னும் இறுகப் பிடித்தார். "ஒங்கம்மா ரொம்ப கஷ்டப்பட்டாங்களா?"

தேசம்மா பையை இழுப்பதை நிறுத்தினார்.

"இப்ப ஏன் கேக்கற?"

"அன்னிக்கே கேக்கணும். தெரில."

"மூணு நாளு கஷ்டப்பட்டுச்சுயா" என்றார் அந்தம்மா. முகம் கோணியது. "ஒன்னியத்தான் கேட்டுகினே இருந்துச்சு. மாப்ள கரைக்கு வந்துட்டாரா, மாப்ள கரைக்கு வந்துட்டாரான்னு."

கார்டு விசில் ஊதினார். பின்னாலிருந்து வந்த ஒரு கூடைக்காரப் பெண், "ஏறுனா ஏறு, எறங்குனா எறங்கு" என்று முதுகில் தள்ள, பையோடு சேர்ந்து இரண்டு பேரும் பெட்டிக்குள் போய்விட்டார்கள். அந்தப் பொங்கல் சட்டையோடு, டிக்கெட் இல்லாமல். ஜன்னலோரம் எதிரெதிரே உட்கார்ந்தது தெரிந்தது. ஏழுமலை முன்னால் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கை ஆடிக்கொண்டே இருந்தது.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நிறைந்தால் நான் சும்மா இருப்பேனா? ஊழியக்காரன் இல்லையா? நகர ஆரம்பித்த வண்டியோடு கூடவே நடந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பிரதர், போறதுக்கு முன்னாடி ஒரு வசனம் மட்டும்..." என்றேன்.

தேசம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"கொஞ்சம் வாய மூடிகினு இரு சார். அவரு பேசிகினு கீறாரு."